பின்பக்க வால்வும் ஹல்லுக்குள் தேங்கும் தண்ணீரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஜெட் ஸ்கி ஓட்டுபவர்கள், பழுது பார்ப்பவர்கள், வாடகைக்கு விடுபவர்கள் என்று இந்த முறை எழுதியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் சுற்றி வந்திருக்கிறார்கள்: வண்டியின் பின்பக்கம், கீழே இருக்கும் அந்த இரண்டு சின்ன ட்ரெய்ன் பிளக், அதாவது ஹல் என்னும் அடிக்கூட்டுக்குள் தேங்கும் தண்ணீரை வடிய விடும் துளைகளின் அடைப்பான். அதனால் இந்த இதழ் முழுக்க அதுவே.

அண்ணா, துபாயில் ஜெட் ஸ்கி வாடகைக்கு விடும் கடையில் மெக்கானிக்காக இருக்கிறேன். எல்லாமே யமஹா வேவ்ரன்னர். தினமும் சாயங்காலம் கழுவி, பின்பக்க பிளாஸ்டிக் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடிய விடுகிறோம். பிளக் அடிக்கடி தொலைகிறது, மரை தேய்கிறது. முதலாளி இணையத்தில் பார்த்து அலுமினிய வால்வு வாங்கித் தந்திருக்கிறார். கழற்றவே வேண்டாம், திருகினால் திறந்துகொள்ளும் என்கிறார். மாட்டலாமா? எப்படி மாட்டுவது?
– ஒரு வாசகர், துபாய்

மாட்டலாம் தம்பி. தினமும் திறந்து மூடும் கடைக்கு அது நல்ல ஏற்பாடு. கம்பெனி பிளக் மோசமானதல்ல. வாரம் ஒருமுறை ஓட்டுகிறவருக்கு அது பல வருஷம் உழைக்கும். ஆனால் மணல் ஒட்டிய கையால் தினமும் கழற்றி, இருட்டில் அவசரமாகத் திருப்பி மாட்டும்போது மரை கோணலாக ஏறிவிடும். ஒருமுறை அப்படி ஏறிய மரை அப்புறம் சரியாக உட்காரவே உட்காராது.

முதலில் வால்வைக் கையில் எடுத்துப் பாருங்கள். திருகும் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். தண்ணீரில் விழுந்தவர் பின்பக்கமாகத்தான் ஏறுவார். முழங்காலும் காலும் படுகிற இடம் அது. கட்டி இழுக்கும் கயிறும் அங்கேதான் உரசும். பிடி தட்டையாக இருக்க வேண்டும். அழுத்தித் திருகினால் மட்டும் திறப்பதாக இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, உலோகம். உங்கள் ஊர்க் கடல் சாதாரணக் கடல் இல்லை. வளைகுடா நீரில் லிட்டருக்கு 40 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது. வங்கக்கடலில் அவ்வளவு கிடையாது. அலுமினிய வால்வை ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு அந்த நீரில் வைத்தால், இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். வால்வின் மேல் பூசிய அனோடைஸ் பூச்சு உரியாதவரை தெரியாது. போல்ட் துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்க ஆரம்பித்ததும்தான் தெரியும். ஆகவே போல்ட் தலைக்கடியில் நைலான் வாஷர் போடுங்கள். மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் மரைன் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை மரையில் தடவுங்கள். போல்ட் 316 ரகமாக இருக்கட்டும். 304 போதும் என்று கடைக்காரர் சொல்வார். உப்புநீருக்கு அது போதாது. முதலாளி கேட்பாரானால், அடுத்தமுறை அலுமினியத்துக்குப் பதில் முழுக்க 316 அல்லது நல்ல நைலான் வால்வே வாங்கச் சொல்லுங்கள்.

இனி வேலை. சீட்டைக் கழற்றி நன்றாகக் காற்றாட விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, ஹல்லின் அடியில்தான் தங்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிய பிறகே ட்ரில்லைக் கையில் எடுக்க வேண்டும். பழைய பிளக்கின் வளையம் பெரும்பாலும் இரண்டு ஸ்குருவில் நிற்கும். அதைக் கழற்றி, பழைய சீலன்ட்டை (கசிவை அடைக்கும் பசை) பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். துணியில் அழுக்கு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும்.

புது வால்வின் ஸ்குரு துளைகள் பழைய துளைகளோடு பொருந்தினால் பாதி வேலை முடிந்தது. பொருந்தவில்லை, ஆனால் பக்கத்தில் வருகிறது என்றால் அப்படியே துளைத்துவிடாதீர்கள். பழைய துளையை எபாக்சியால் அடைத்து, நன்றாக இறுகிய பிறகு புதிதாகத் துளையுங்கள். துளைக்கு முன் அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சின்ன பிட்டில் ஆரம்பியுங்கள். துளை போட்ட பிறகு வாயை மட்டும் லேசாகச் சரித்துவிடுங்கள். மேலே இருக்கும் ஜெல்கோட் கண்ணாடி போலக் கடினமானது. சரிவு இல்லாத துளையில் ஸ்குருவை இறுக்கினால் சுற்றிலும் மெல்லிய விரிசல் ஓடும். துளைக்குள் தெரியும் ஃபைபர் நார்களின் மேலும் எபாக்சி தொட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நார் வழியே தண்ணீர் உறிஞ்சி ஏறும்.

வால்வின் பின்புறம் முழு வட்டமாகச் சீலன்ட் போட்டு, ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் தனியாக ஒரு வட்டம் போடுங்கள். பொருத்தும்போது ஒருவர் வெளியே போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் உள்ளே நட்டை மட்டும் திருக வேண்டும். போல்ட்டே சுழன்றால் அதைச் சுற்றிப் போட்ட சீலன்ட் அறுந்துவிடும். அந்த வழியாகத்தான் பின்னால் கசியும். ஓரமெல்லாம் சீலன்ட் பிதுங்கி வரும்வரை இறுக்கி அப்படியே விடுங்கள். டியூபில் எழுதியிருக்கும் நேரம் முழுக்கக் காய்ந்த பிறகு கடைசியாகக் கொஞ்சம் இறுக்குங்கள். உள்ளே கை போகும் இடத்தில் எல்லாம் நட்டுக்குப் பின்னால் அகலமான வாஷர் போடுங்கள்.

சோதனை: வண்டியின் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, உயர்த்தி வைத்து, வால்வை மூடி, உள்ளே ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே வால்வைச் சுற்றி டிஷ்யூ பேப்பரை ஒட்டி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் அது காட்டிக் கொடுக்கும். பிறகு இடுப்பளவு தண்ணீரில் வண்டியை மிதக்க விட்டு, சீட்டைக் கழற்றி, டார்ச் அடித்து உள்பக்கம் பாருங்கள். பத்து நிமிஷம் பார்த்தால் போதும். தினமும் ஜனங்கள் ஏறுகிற வண்டி, இந்தப் பத்து நிமிஷத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒன்று மறந்துவிடக் கூடாது. பிளக் இல்லையென்றால் துளை கண்ணில் பட்டுவிடும். வால்வு திறந்திருப்பது அப்படிப் படாது. வால்வைத் திறக்கிறவர் அந்த நிமிஷமே ஹேண்டில்பாரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்ட வேண்டும், மூடியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்று கடையில் வழக்கம் வையுங்கள். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளை, நீர்மட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் கீழே இருந்தால், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் உள்ளே வரும். உங்கள் வண்டியில் அந்த மாதிரித் துளை இரண்டு.

சார், ரப்பர் நாக்கு வைத்த ஒருவழி வால்வு வருகிறதாமே. ஓடும்போதே தண்ணீர் தானாக வெளியே போய்விடும், திறக்கவும் வேண்டாம் மூடவும் வேண்டாம் என்கிறார்கள். அதைப் போடலாமா?
– ஒரு வாசகர், சென்னை

நின்றுகொண்டு ஓட்டும் வண்டியில் அலைக்குள் பாய்ந்து விளையாடுகிறவர்கள் அதை விரும்பிப் போடுகிறார்கள். அவர்களுக்கு அது பொருந்தும். ஒவ்வொரு அலையிலும் உள்ளே தண்ணீர் போகும், அது உடனுக்குடன் வெளியேற வேண்டும். வேகம் பிடித்து வண்டி மேலெழும்பும்போது பின்பக்கம் நீரைவிட்டு விலகிவிடும், அங்கே அழுத்தம் குறையும், உள்ளிருக்கும் தண்ணீர் ரப்பரைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். நின்றதும் வெளிநீர் ரப்பரை அழுத்தி மூடும்.

அந்த மூடுவதை நம்பித்தான் எல்லாமே இருக்கிறது. நான் வேலை பார்க்கும் கோவளம் பக்கம் முகத்துவாரத்தில் மணல் எப்போதும் கலங்கியபடிதான் இருக்கும். ரப்பர் உதட்டுக்கு நடுவில் ஒரே ஒரு மணல் மாட்டியிருந்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். உதடு ஒரு மயிரிழை விலகியிருந்தது, அதன் வழியே நீர் நூல் போல உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியில் அது ஒரு பொருட்டே இல்லை. ராத்திரி முழுக்கக் கட்டிப்போட்ட வண்டியில் அது ஆபத்து. உட்கார்ந்து ஓட்டும் குடும்ப வண்டிக்கும், தண்ணீரிலேயே கட்டி வைக்கும் வண்டிக்கும் நான் அதைப் போட மாட்டேன், பிறர் போடுவதற்கும் சம்மதிக்க மாட்டேன்.

அதோடு, நீங்கள் கேட்கிற வசதி உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. நீரைப் பின்னால் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் ஜெட் பம்பின் நாசிலிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் ஹல்லின் அடிக்குப் போகும். நாசிலில் நீர் பாயும் வேகத்தில் அந்த ஹோஸின் வாயில் அழுத்தம் குறைந்து, அடியில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி வெளியே விடும். மோட்டாரும் கிடையாது, வயரும் கிடையாது. தலைமுடி, பாசி, மணல் எது அடைத்தாலும் நின்றுவிடும். நீங்கள் வால்வு வாங்கப் போகிற பணத்தை மிச்சம் பிடித்து, அந்த ஹோஸை இரு முனையிலும் கழற்றி ஊதிப் பாருங்கள். காற்று தாராளமாகப் போக வேண்டும். திரும்ப மாட்டும்போது ஹோஸ் எந்த உயரத்தில் வளைந்து போனதோ அதே உயரத்தில் வையுங்கள். அந்த வளைவும் அதிலிருக்கும் சிறு காற்றுத் துளையும்தான், வண்டி நிற்கும்போது தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கின்றன.

கட்டிப்போடும் வண்டிக்கு, ஹல்லின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் எலெக்ட்ரிக் பில்ஜ் பம்ப் ஒன்று கூடுதலாக வைப்பது நல்லது. 500 கேலன் பம்ப் என்றால் மணிக்கு 1,900 லிட்டர், நிமிஷத்துக்குச் சுமார் 31 லிட்டர். அதுவும் தண்ணீரை உயரத்துக்கு ஏற்ற வேண்டியில்லாதபோது மட்டும். திறந்து கிடக்கும் இரண்டு துளைகளோடு போட்டியிட அதனால் முடியாது. பேட்டரியும் தீர்ந்துவிடும்.

அண்ணை, நான் பென்டோட்டையில நீர்விளையாட்டு நிலையமொன்றில வேலை செய்யிறன். எங்கட சீ-டூ கம்பெனி ஜெட் ஸ்கி ஒன்றில ஒவ்வொரு ஓட்டம் முடியவும் ஒரு வாளித் தண்ணி வடியுது. பெரிய வால்வு போட்டா சரிவருமோ?
– ஒரு வாசகர், இலங்கை

சரிவராது தம்பி. பெரிய வால்வு போட்டால் அந்த வாளித் தண்ணீர் சீக்கிரம் வடியும், அவ்வளவுதான். ஓட்டத்துக்கு ஒரு வாளி என்பது சாதாரணம் இல்லை. அது எந்த வழியாக வருகிறது என்பதைத்தான் நாம் முதலில் தேட வேண்டும்.

மூன்று விதமாகப் பாருங்கள். முதலில் வண்டியை உலர்த்திவிட்டு, டிரெய்லரில் வைத்தே ஹோஸ் மாட்டி எஞ்சினை ஓட்டுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்த பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடும். கையேட்டில் போட்டிருக்கும் நிமிஷத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், எஞ்சினிலிருந்து பம்புக்குப் போகும் ஷாஃப்ட்டின் சீலுக்கு வெளியே குளிர்ச்சி கிடையாது. இப்படி ஓட்டும்போதே உள்ளே சொட்டினால் எக்ஸாஸ்ட் ஹோஸ் அல்லது அதன் கிளாம்ப்தான் குற்றவாளி.

அதில் ஒன்றும் தெரியவில்லையா? வண்டியைத் தண்ணீரில் இறக்கி, எஞ்சினை ஓட்டாமல் சும்மா மிதக்க விடுங்கள். அப்போது தண்ணீர் ஏறினால் ட்ரெய்ன் பிளக், அல்லது ஷாஃப்ட் ஹல்லுக்குள் நுழையும் இடம். சீ-டூவில் அந்த இடத்தில் கார்பன் வளையம் ஒன்று ஸ்டெயின்லெஸ் வளையத்தோடு ஒட்டி நிற்கும், பின்னால் ரப்பர் பெல்லோஸ் அதை அழுத்திப் பிடிக்கும். கார்பன் தேய்ந்தாலோ, பெல்லோஸ் களைத்தாலோ, இரண்டுக்கும் நடுவில் மணல் கீறியிருந்தாலோ கசியும். எஞ்சின் ஓடும்போது அந்தத் தண்ணீர் சுழலும் ஷாஃப்ட்டில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறும். ஹல்லின் சுவரில் ஷாஃப்ட்டுக்கு நேராக ஒரு உப்புக் கோடு தெரிந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

நிற்கும்போது வராமல் ஓடும்போது மட்டும் வந்தால், சீட்டுக்கடியிலிருக்கும் ரப்பர், முன்பக்கப் பெட்டியின் மூடி, ஜெட் பம்ப் ஹல்லோடு சேரும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். எங்கு வருகிறது என்று கண்டுபிடிக்கும்வரை அந்த வண்டியில் விருந்தாளிகளை ஏற்ற வேண்டாம். வண்டி ஆற்றுக்குள்ளே பழுதாகி நின்றால் இழுத்துக்கொண்டு வரலாம், முகத்துவாரம் தாண்டி நின்றால் அது வேறு கதை.

ஐயா, என்னிடம் இருப்பது சீ-டூ ஸ்பார்க். வால்வு பொருத்தி நல்ல சீலன்ட் போட்டேன், ஆறு வாரத்தில் தோல் போல உரிந்து வந்துவிட்டது. சீலன்ட் போலியா?
– ஒரு வாசகர், லங்காவி

போலியாக இருக்காது. 2014 மாடலாக ஸ்பார்க் வந்தபோதே அதன் ஹல் வழக்கமான ஃபைபர்கிளாஸ் இல்லை, கண்ணாடி நார் கலந்த பாலிப்ரோபிலீன். அந்தப் பிளாஸ்டிக்கில் வழக்கமான சீலன்ட்டும் பசையும் சரியாகப் பிடிக்காது. ஒட்டுவதை நம்பாமல், நடுவில் அழுந்தி அடைக்கும் கேஸ்கெட்டை நம்புங்கள். பின்னால் தகடு வைத்து, ரப்பர் கேஸ்கெட் சமமாக அழுந்தும்படி இறுக்குங்கள். ஸ்பார்க்குக்கு என்றே செய்த வால்வு இல்லையென்றால் கம்பெனி பிளக்கோடு இருப்பதே நல்லது.

வால்வுக்குப் பாத்ரூம் சிலிக்கான் போதாதா? எதற்கு விலை கூடிய மரைன் சீலன்ட்?
– ஒரு வாசகர், இராமநாதபுரம்

வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கான் காயும்போது அமிலம் விடும், உலோகத்தை அரிக்கும். அது ஒட்டிய இடத்தில் பின்னால் வேறு எந்தச் சீலன்ட்டும், பெயின்ட்டும் பிடிக்காது. இது வேண்டவே வேண்டாம்.

மறுபக்கம், எல்லோரும் பெருமையாகச் சொல்லும் 3எம் 5200-ம் இந்த வேலைக்கு அதிகம். அது நிரந்தரமாக ஒட்டுவதற்கு. வால்வு என்பது ஒருநாள் கழற்ற வேண்டிய பொருள். 5200 போட்டுக் கழற்றினால் ஜெல்கோட்டும் சேர்ந்து பெயரும். அதே கம்பெனியின் 4200, அல்லது சிக்காஃப்ளெக்ஸ் 291 போதும்.

எங்கள் ரிசார்ட்டில் பிளக் போடாமல் ஒரு ஜெட் ஸ்கியை இறக்கிவிட்டார்கள். சீட்வரை முழுகிவிட்டது. கரைக்கு இழுத்துவிட்டோம். இனி என்ன செய்வது?
– ஒரு வாசகர், கிழக்குக் கடற்கரைச் சாலை

நீங்கள் இதைப் படிக்கும்போது நேரம் கடந்திருக்கும். ஆனாலும் அடுத்தவருக்கு உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்டார்ட் பட்டனைத் தொடக் கூடாது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அது அழுந்தாது, பிஸ்டன் மோதி கனெக்டிங் ராட் வளைந்துவிடும். முழுகிய வண்டியை இழுத்து வரும்போது நடை வேகம்தான். வேகமாக இழுத்தால் பம்ப் வழியாக நீர் ஏறி எக்ஸாஸ்ட் நிரம்பும். டிரெய்லரில் ஏற்றும்போதும் அவசரம் கூடாது. உள்ளே 200 லிட்டர் கடல்நீர் இருந்தால் அது மட்டும் 205 கிலோ. பின்பக்கம் நீர்மட்டத்துக்கு மேல் வந்ததும் நிறுத்தி, பிளக் துளைகள் வழியே வடிய விடுங்கள். வடிந்த பிறகு மிச்சத்தை ஏற்றுங்கள்.

உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, உங்கள் மாடலின் கையேட்டில் முழுகிய எஞ்சினுக்கு எழுதியிருக்கும் முறைப்படி சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். துளைகளுக்கு எதிரே முகத்தை வைக்காதீர்கள், தண்ணீரும் பெட்ரோலும் பீய்ச்சி அடிக்கும். ஆயில் குச்சியைப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். ஒருமுறை மாற்றியதும் தெளியாது, வெளுப்பு போகும்வரை திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும். இவ்வளவும் அன்றைக்கே நடக்க வேண்டும். உப்புநீர் பட்ட பேரிங்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் நாளைவரை காத்திருக்காது. அன்றைக்கு மெக்கானிக் கிடைக்காவிட்டால், குறைந்தபட்சம் ஒவ்வொரு சிலிண்டரிலும் துருப்பிடிக்காமல் காக்கும் ஃபாகிங் ஆயில் அடித்துவிட்டு, உள்பக்கம் முழுக்க நல்ல தண்ணீரால் கழுவி வையுங்கள்.

பிளக் போடாமல் இறக்கிய பையனைத் திட்டாதீர்கள். இறக்குவதற்கு முன் இரண்டாவது ஆள் ஒருவர் குனிந்து பார்க்கும் ஏற்பாடு ரிசார்ட்டில் இல்லாததுதான் கோளாறு. அதை நிர்வாகம்தான் செய்ய வேண்டும்.

கூடுதலாக ஒரு துளை போட்டு மூன்றாவது வால்வு வைக்கலாமா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

வேண்டாம். அடிநீர் தானாக வடிந்து சேரும் தாழ்ந்த இடத்தில்தான் கம்பெனி இரண்டு துளைகளை வைத்திருக்கிறது. மூன்றாவதை அதைவிடத் தாழ்வாக வைக்க இடமில்லை. மீறிப் போட்டே ஆக வேண்டுமென்றால், பின்பக்கம் வலது கை பக்கம் ஹல் அடையாள எண் பொறித்திருக்கும், அதன் மேல் கை வைக்காதீர்கள். ஜெட் பம்ப் உட்காரும் குழிக்குப் பக்கத்திலும் துளைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் மூன்று மாதம் வண்டியை எடுக்க மாட்டேன். வால்வைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா?
– ஒரு வாசகி, கடலூர்

திறந்தே வையுங்கள் அம்மா. அணியம் உயர்ந்திருக்கும்படி டிரெய்லரை நிறுத்துங்கள். உள்ளே ஈரம் தங்கினால் வயர் முனைகளெல்லாம் பச்சை பிடிக்கும், காற்று போய்வர வேண்டும். வெளியிலிருந்து துளையின் மேல் கொசுவலைத் துண்டு ஒன்றை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். குளவி கூடு கட்டாது. கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, சிலிக்கான் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சாவியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். தை மாதம் வண்டியை எடுக்கும்போது ஓ-ரிங்கை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் புதிது வாங்கிப் போட்ட பிறகு இறக்குங்கள்.